காறை எலும்பு கோணலாகக் கூடிவிட்டால்: திருத்தும் ஆபரேஷன் பற்றி ஓர் எளிய விளக்கம்

பைக்கில் இருந்து விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டு, ஆறு வாரம் கையை ஆர்ம் பவுச்சில் (கழுத்தில் மாட்டும் தூளி) போட்டிருந்து, "எலும்பு கூடிருச்சு, இனிமே ஒண்ணும் இல்ல" என்ற வார்த்தையோடு வீட்டுக்குப் போனவர்களில் சிலர், ஒரு வருடம் கழித்துப் பிசியோதெரபிக்கு வருவார்கள். கை மேலே போகிறது. பெரிய வலியும் இல்லை. ஆனால் மின்விசிறி துடைக்க ஏறினால், இரண்டு இறக்கை முடிவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. தோளில் மாட்டிய பை நிற்காமல் நழுவுகிறது. கழுத்துக்குக் கீழே ஒரு மேடு.

அதற்குள் ஆளுக்கொரு விளக்கம் சொல்லியிருப்பார்கள். எலும்பு அதிகமாக வளர்ந்துவிட்டது என்பார் ஒருவர். தைலம் போட்டு நீவினால் மேடு அமுங்கும் என்பார் இன்னொருவர். ஆபரேஷன் என்றாலே சுத்தியலால் மறுபடி உடைப்பார்கள் என்று மூன்றாமவர் பயமுறுத்தியிருப்பார். மூன்று பேருமே மேட்டைத்தான் பார்க்கிறார்கள். உண்மையான சிக்கல் பெரும்பாலும் எலும்பின் நீளத்தில் இருக்கிறது. நான் பிசியோதெரபிஸ்ட், கத்தி பிடிக்கிற ஆள் இல்லை. ஆனால் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் இவர்களோடு உட்கார்ந்து பேசுவது எங்கள் வேலை என்பதால், அடிப்படையில் இருந்து தொடங்குகிறேன்.

இந்த எலும்புக்கு அங்கே என்ன வேலை?

பெட்டிக்கடை முன்னால் வெயிலுக்குத் தூக்கிவிடும் தட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விளிம்பு கடையோடு கட்டியிருக்கும். முன் விளிம்பை ஒரு கொம்பு முட்டுக்கொடுத்து வெளியே தள்ளி நிறுத்தியிருக்கும். கொம்பு ஒடிந்துவிட்டது என்று வையுங்கள். கடைக்காரர் இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார். கட்டு பலமானதுதான், மறுபடி ஒடியாது. ஆனால் ஏறி நிற்கிற அளவுக்குக் கொம்பு குட்டையாகிவிட்டது. தட்டி தாழ்ந்து, கடைப்பக்கம் சாய்ந்து நிற்கிறது.

காறை எலும்பு அப்படி ஒரு முட்டுக்கொம்பு. நெஞ்செலும்பின் மேல் முனையில் தொடங்கித் தோளின் உச்சி வரை, லேசான வளைவுகளோடு படுத்திருக்கும். பெரியவர்களுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் நீளம். கையை உடம்போடு எலும்பால் இணைப்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் தசைப் பிடிப்பு. தோளை நெஞ்சுக்கூட்டில் இருந்து வெளியே தள்ளி, சரியான தூரத்தில் நிறுத்துவது இதன் முதல் வேலை. இரண்டாவது, தனக்குக் கீழே ஓடும் சமாச்சாரங்களுக்குக் கூரையாக இருப்பது. கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களும் நரம்புக் கொத்தும் இதன் அடியில்தான் போகின்றன. நுரையீரலின் உச்சியும் பக்கத்திலேயே. ஆபரேஷன் பகுதிக்கு வரும்போது இது நினைவில் இருக்கட்டும்.

உடையும்போது நடப்பது

பெரும்பாலும் தோள் தரையில் மோதித்தான் இது உடைகிறது. நூறு காறை எலும்பு முறிவில் ஏறக்குறைய எண்பது, எலும்பின் நடுப்பகுதியில். அந்த இடம் மெலிந்தது, மேலே தசைப் போர்வையும் இல்லை.

உடைந்ததும் இரண்டு துண்டுகளும் ஆளுக்கொரு பக்கம் இழுபடுகின்றன. உள்பக்கத் துண்டைக் கழுத்துத் தசை மேலே தூக்குகிறது. வெளிப்பக்கத் துண்டைக் கையின் எடை கீழே இழுக்கிறது. மார்புத் தசை அதையே நெஞ்சுப் பக்கமாகவும் இழுக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்ட கொம்புத் துண்டுகள் மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு தோளையும் பின்னால் இழுத்துப் பிடிக்கும் எட்டுக் கட்டு போட்டாலும் ஆர்ம் பவுச் போட்டாலும், இந்த இழுப்பை வெளியில் இருந்து முழுசாக எதிர்க்க முடியாது.

அப்புறம் உடம்பு தன் வேலையைத் தொடங்குகிறது. முறிந்த இடத்தைச் சுற்றிப் புது எலும்புத் திசு உருண்டு திரண்டு ஒட்டவைக்கிறது. இதற்குக் கேலஸ் என்று பெயர். உடம்புக்கு ஒட்டவைக்கத்தான் தெரியும். துண்டுகளை நேராக்கி, நீளம் பார்த்து ஒட்டத் தெரியாது. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: வளர வளர எலும்பு தன்னைத் தானே ஓரளவு சீராக்கிக்கொள்ளும். அதனால்தான் ஐந்து வயதுப் பையனுக்குத் துண்டு விலகியிருந்தாலும் டாக்டர் பதறுவதில்லை. பெரியவர்களுக்கு மேடு கொஞ்சம் மழுங்கலாம். குறைந்த நீளம் திரும்பாது.

இப்போது இரண்டு சொற்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் தவறான நிலையில் கூடியிருக்கிறது என்றால் அது மால்யூனியன். கூடவே இல்லை என்றால் நான்யூனியன். ரிப்போர்ட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல. இந்தக் கட்டுரை முதலாவதைப் பற்றியது.

இதுவரை பார்த்தது: காறை எலும்பு தோளைத் தள்ளி நிறுத்தும் முட்டு. உடைந்தால் தசைகள் துண்டுகளை ஏற்றிவிடுகின்றன. அப்படியே கூடினால் முட்டு உறுதியாக இருக்கும், நீளம் மட்டும் குறைந்திருக்கும்.

"தானாகவே சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

டாக்டர்களை மட்டும் குறை சொல்ல வேண்டாம். 1960இல் அமெரிக்க சர்ஜன் சார்லஸ் நீர் வெளியிட்ட கணக்கில், கட்டுப் போட்டுவிட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காறை எலும்பு முறிவுகளில் கூடாமல் போனவை மூன்றே மூன்று. இதைப் பார்த்த பிறகு யார் கத்தியைத் தொடுவார்கள்? பல பத்தாண்டுகள் இந்த நம்பிக்கை அசையவில்லை. ஆனால் அன்று கேட்ட கேள்வி "கூடியதா இல்லையா" என்பதுதான். கூடிய தோள் எப்படி வேலை செய்கிறது என்று நோயாளியையே கேட்கும் பழக்கம் பிறகுதான் வந்தது.

கேட்டபோது பதில் வேறாக இருந்தது. 1997இல் வந்த ஓர் ஆய்வு, துண்டுகள் நன்றாக விலகிய பெரியவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தது. அவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு எலும்பு கூடவில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பலனில் திருப்தி இல்லை. 2 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ குட்டையானவர்களிடம் தொல்லை கூடுதலாக இருந்தது. இன்று எல்லோரும் சொல்லும் அந்த 2 சென்டிமீட்டர் கணக்குக்கு இது ஒரு முக்கிய ஆதாரம்.

2007இல் கனடா சர்ஜன்கள் ஆரம்பத்திலேயே ஆபரேஷன் செய்து பிளேட் (எலும்பைப் பிடிக்கும் உலோகத் தகடு) வைத்தவர்களையும், தூளியில் மட்டும் விட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். தூளியில் விட்ட 49 பேரில் 7 பேருக்கு எலும்பு கூடவில்லை, 9 பேருக்குத் தொல்லை தரும் மால்யூனியன். பிளேட் வைத்த 62 பேரில் கூடாதது 2, மால்யூனியன் ஒன்றுகூட இல்லை. இதை வைத்து "உடைந்ததும் எல்லோருக்கும் பிளேட்" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த 49 பேரில் 33 பேருக்கு இந்த இரண்டு பிரச்சினையுமே இல்லையே. பிளேட் வைத்தவர்களிலும் சிலருக்குப் புண்ணில் கிருமித் தொற்று, சிலருக்குப் பிளேட் உறுத்தல்.

குட்டையானால் என்ன கெடும்?

சட்டையைக் கழற்றச் சொல்லிப் பின்னால் இருந்து பார்த்தால் பாதி தெரிந்துவிடும். அடிபட்ட பக்கத் தோள் தாழ்ந்து, முன்பக்கமாகச் சுருண்டிருக்கும். தோள்பட்டை எலும்பின் உள் ஓரம் முதுகில் இருந்து கொஞ்சம் எம்பி நிற்கும். பிறகு ஒரு பேனாவும் அளவு நாடாவும் போதும். தொண்டைக் குழியின் ஓரத்தில் ஒரு புள்ளி, காறை எலும்பு தோளுச்சியில் முடியும் இடத்தில் ஒரு புள்ளி; இரண்டு பக்கமும் அளந்து பார்ப்போம். நல்ல பக்கம் பதினைந்தரை சென்டிமீட்டர், அடிபட்ட பக்கம் பதின்மூன்று என்று வந்தால், கேட்கிறவர் முகம் மாறிவிடும். அதுவரை அவர் மேட்டைத் தடவிக்கொண்டுதான் பேசியிருப்பார். (நாடாக் கணக்கில் சில மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும், இது ஒரு மதிப்பீடுதான்.)

முட்டு குட்டையானதால் தட்டி சாய்ந்துவிட்டது. தோள் மூட்டின் குழி தோள்பட்டை எலும்பில்தான் இருக்கிறது. தோள்பட்டை எலும்பு முன்னால் திரும்பினால் குழியும் திசை மாறும். அதைச் சுற்றியுள்ள தசைகளில் சில தளர்ந்துவிடும், சில எப்போதும் இழுபட்டே இருக்கும். தனக்கு வசதியான நீளத்தில் இல்லாத தசையால் முழு பலம் காட்ட முடியாது, காட்டினாலும் நீடிக்காது. கையை ஒருமுறை தூக்கச் சொன்னால் தூக்கிவிடுகிறார், பத்து நிமிடம் தலைக்கு மேல் வேலை செய்யச் சொன்னால் முடியவில்லை. பெயிண்டர், எலக்ட்ரீஷியன், மூட்டை தூக்குகிறவர், பந்து வீசுகிறவர் ஆகியோர் இதை முதலில் உணர்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குத் தெரியாமலே போகலாம்.

இன்னொரு தொல்லை நரம்பில். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே உள்ள சந்தில்தான் நரம்புக் கொத்து போகிறது. தோள் தாழ்ந்து, கீழ்ப்பக்கம் கேலஸும் புடைத்திருந்தால் அந்தச் சந்து நெருக்கமாகும். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்து நின்றால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போவது இதன் வழக்கமான அறிகுறி.

அப்படியானால் எல்லோரும் திருத்திக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், ஆள் சௌகரியமாக இருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை.

தொல்லை இருந்தாலும் முதலில் சில மாதம் பயிற்சிதான். தோள்பட்டை எலும்பைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் தசைகளைப் பலப்படுத்துவோம், இறுகிப்போன மார்புத் தசையை நீட்டுவோம். குட்டையான அளவு குறைவாக இருந்தால் இதுவே பலருக்குப் போதும். பயிற்சியால் எலும்பு நீளாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

கூடவே வேறு காரணம் இல்லை என்று பார்த்துவிட வேண்டும். தோளில் உள்ள தசைநார் கிழிந்திருக்கலாம், மூட்டு இறுகியிருக்கலாம், விரல் மரத்துப்போவது கழுத்து டிஸ்க்கில் இருந்து வரலாம். எலும்பைத் திருத்திய பிறகு "இது கழுத்துப் பிரச்சினை" என்று தெரிந்தால் யாருக்கு லாபம்? அதனால் இரண்டு காறை எலும்பும் தெரியும்படி எக்ஸ்ரே, பெரும்பாலும் முப்பரிமாணப் படம் தரும் சிடி ஸ்கேன், நரம்புத் தொல்லை இருந்தால் நரம்பின் வேகம் பார்க்கும் பரிசோதனை எடுப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் கை சோர்வு, விரல் மரப்பு, தோள் சரிவு மாறாமல் இருந்து, நீளமும் 2 சென்டிமீட்டர் அளவில் குறைந்திருந்தால், அங்கே திருத்தும் ஆபரேஷனுக்குக் காரணம் இருக்கிறது.

"மேட்டை மட்டும் சீவி எடுத்துவிட்டால்?" என்று கேட்காதவர் இல்லை. கூரான ஒரு முனை தோலைக் குத்துகிறது, மற்றபடி தோள் நன்றாக இருக்கிறது என்றால் அதைச் செய்வதுண்டு. தட்டி சாய்ந்திருப்பதுதான் குறை என்றால், கட்டின் முடிச்சை மழித்து என்ன ஆகப்போகிறது? இருக்கிற எலும்பும் மெலியும்.

சுருக்கமாக: முடிவு செய்வது எக்ஸ்ரேயின் அழகோ மேட்டின் உயரமோ அல்ல. தொல்லை, அதை விளக்கும் அளவுக்கு நீளக் குறைவு, பயிற்சிக்கும் மசியாத நிலை ஆகிய மூன்றும் சேர வேண்டும்.

ஆபரேஷன் அறையில்

முழு மயக்கம் கொடுத்து, ஆளைப் பாதி உட்கார்ந்த நிலையில் சாய்த்துப் படுக்கவைப்பார்கள். காறை எலும்பை ஒட்டித் தோலைத் திறப்பார்கள். தோலுக்குக் கீழே மெல்லிய உணர்வு நரம்புகள் எலும்பைக் குறுக்கே கடந்து மார்புக்கு இறங்குகின்றன. முடிந்தவரை அவற்றைக் காப்பாற்றுவார்கள்; எல்லாம் தப்புவதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு தழும்புக்குக் கீழே ஓர் இடம் மரத்திருப்பது இதனால்தான். நாளாக ஆக அந்த இடம் சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும்.

அடுத்தது, பழைய முறிவுக் கோட்டைத் தேடுவது. கேலஸைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால், உள்ளே இரண்டு துண்டுகளின் பழைய முனைகள் தெரியவரும். எடுத்த கேலஸைத் தூக்கிப் போடுவதில்லை. ஒரு கிண்ணத்தில் பத்திரமாக வைப்பார்கள். வெட்டுவதற்கு முன், இரு பக்கமும் எலும்பில் ஓர் அடையாளம் கீறி, இடைவெளியை அளந்துகொள்வார்கள். பிறகு எவ்வளவு நீட்டியிருக்கிறோம், எலும்பு முறுக்கிக்கொண்டதா என்று பார்க்க அந்த அடையாளம் உதவும்.

எலும்பைத் திட்டமிட்ட கோட்டில் வெட்டுவதற்கு ஆஸ்டியாட்டமி என்று பெயர். சுத்தியலால் உடைக்கும் கதைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மெல்லிய ரம்பத்தாலும் உளியாலும், சூட்டில் எலும்பு கருகாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே, பழைய முறிவுக் கோட்டிலேயே பிரிக்கிறார்கள். அடியில் ரத்தக்குழாயும் நரம்பும் நுரையீரலும் இருப்பதால், எலும்புக்குக் கீழே தட்டையான கருவியைச் செருகிவைத்துத்தான் ரம்பம் இறங்கும்.

பிரிந்த முனைகளில் எலும்பின் உட்குழாய் அடைத்துக் கெட்டிப்பட்டிருக்கும். அதை டிரில்லால் திறப்பார்கள். மஜ்ஜையும் ரத்தமும் வெட்டிய இடத்துக்கு வந்தால்தான் புதிதாக ஒட்டும். பிறகு இரண்டு துண்டுகளையும் இடுக்கிகளால் பிடித்து மெதுவாக இழுப்பார்கள். அவசரம் கூடாது. வருடக்கணக்கில் சுருங்கியிருந்த தசையும் நரம்பும் கூடவே நீள வேண்டும். நல்ல பக்கத்து எலும்பின் நீளம்தான் குறி. நீளம் வந்ததும், வளைவுக்கு ஏற்றபடி அமைந்த பிளேட்டை மேலே வைத்து, ஒவ்வொரு பக்கமும் குறைந்தது மூன்று ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்கள். சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே இயந்திரத்தில் பார்த்து உறுதி செய்துகொள்வார்கள்.

கிண்ணத்தில் வைத்த கேலஸை நறுக்கி, சேர்ந்த இடத்தைச் சுற்றி அடைப்பார்கள். சொந்த எலும்பு என்பதால் இது நல்ல உரம். இடைவெளி பெரிதாக இருந்தால் இடுப்பு எலும்பில் இருந்து ஒரு துண்டு எடுப்பார்கள். அந்த இடுப்பு வலி சில நேரம் தோள் வலியை விட அதிகம் பேசப்படும்.

இந்தப் பகுதியின் சாரம்: பழைய கோட்டில் பிரித்து, உட்குழாயைத் திறந்து, இழுத்து நீளத்தை மீட்டு, பிளேட்டால் பிடித்து, சொந்த எலும்பால் அடைக்கிறார்கள். மேடு மறைவது இதில் வரும் உபரி.

பலன் எப்படி, ஆபத்து என்ன?

டொரொன்டோவைச் சேர்ந்த மைக்கேல் மெக்கீயும் சக சர்ஜன்களும் 2003இல் 15 பேரின் அனுபவத்தை வெளியிட்டார்கள். அடிபட்டு ஒரு வருடம் ஆனவரும் உண்டு, பதினைந்து வருடம் ஆனவரும் உண்டு. ஆபரேஷனுக்கு முன் சராசரிக் குறைவு 2.9 சென்டிமீட்டர், பின்னால் 0.4. 14 பேருக்கு எலும்பு கூடியது, அந்த 14 பேருக்கும் திருப்தி. ஒருவருக்குக் கூடவில்லை. சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் "வருஷம் ஆயிருச்சு, இனி முடியாது" என்று கைவிட வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல பதில்.

அந்த ஒருவரை மறக்கக் கூடாது. கூடியிருந்த எலும்பை வெட்டி, அது கூடாமலே போவது இந்த ஆபரேஷனின் பெரிய சங்கடம். மால்யூனியனோடு போய் நான்யூனியனோடு திரும்பினால், இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும். புகை பிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடும் என்பதால், நிறுத்தாமல் தேதி கொடுக்க மறுக்கும் சர்ஜன்கள் இருக்கிறார்கள். சரியான பிடிவாதம் என்றே நினைக்கிறேன். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். மற்ற ஆபத்துகள்: கிருமித் தொற்று, பிளேட் உடைவது, தடித்த தழும்பு, அரிதாக நரம்பு, ரத்தக்குழாய், நுரையீரல் காயம்.

பிறகு எங்கள் முறை

முதல் ஓரிரு வாரம் தூளி. முழங்கை, மணிக்கட்டு, விரல்களை மறுநாளே அசைக்கச் சொல்வோம். குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும் பயிற்சி சீக்கிரமே தொடங்கும். எடை தூக்குவது மட்டும் எக்ஸ்ரேயில் எலும்பு கூடுவது தெரிந்த பிறகு. அதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். கால அட்டவணை சர்ஜனுக்கு சர்ஜன் மாறும், உங்கள் சர்ஜன் சொல்வதே கணக்கு.

சிலர் இரண்டாம் வாரமே பழைய கையைவிட நன்றாக இருக்கிறது என்று குடத்தைத் தூக்கிவிடுவார்கள். அந்தக் கட்டத்தில் எலும்பைப் பிடித்திருப்பது பிளேட் மட்டும்தான். இன்னும் சிலர் எதிர்ப்பக்கம்: தோள் நேராகிவிட்டது, ஆனால் பழைய கூன் பழக்கம் போவதில்லை. வருடக்கணக்கில் தப்பான நிலையில் உழைத்த தசைக்கு வேலையைத் திரும்பக் கற்றுத்தர வேண்டும். எலும்பு கூடிய பிறகும் பயிற்சி நீள்வது இதனால்தான்.

பிளேட்டை எடுக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. காறை எலும்பு தோலுக்கு மிக அருகில் இருப்பதால், ஒல்லியானவர்களுக்குப் பை வாரிலும் சீட் பெல்ட்டிலும் பிளேட் உறுத்தலாம். உறுத்தினால், எலும்பு முழுசாகக் கூடியது உறுதியான பின், வழக்கமாக ஒன்றிரண்டு வருடம் கழித்து எடுப்பார்கள். எடுத்த பிறகு ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் நிரம்பச் சில மாதம் பிடிக்கும். அதுவரை எலும்பு அந்த இடங்களில் பலவீனம்தான். கபடி, மூட்டை தூக்குவது எல்லாம் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு.